அரை அவியல் முட்டை (மட்டக்களப்பு வாவிப் பிரதேசம்)

அரை அவியல் முட்டை என்பது வெள்ளைக்கரு இறுகியும் மஞ்சட்கரு ஓடும் பதத்திலும் இருக்கும்படி, ஓட்டோடு கொதிநீரிலோ ஆவியிலோ அவித்து எடுக்கும் முட்டை. தமிழ்நாட்டுக் கடையில் ஆஃப் பாயில் கேட்டால் தட்டில் வருவது ஒரு பக்கம் மட்டும் பொரித்த முட்டை. அதை இலங்கையில் புல்ஸ் ஐ என்பார்கள். இக்கட்டுரை அதைப் பற்றியதல்ல.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அரை அவியல் பெரும்பாலும் வீட்டுச் சாப்பாடு. பால்குடி மறந்த பிள்ளைக்கும், காய்ச்சலில் கிடந்து எழும்பியவருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் குசினியில் ஒன்றிரண்டு முட்டையாக அவிப்பதுதான் வழக்கம். கடைகளில் இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் குறைவு. ஆங்கிலேயர் காலத்து வாடிவீடுகளில், முட்டைக் கிண்ணமும் சின்னக் கரண்டியும் பாண் துண்டுமாகக் காலைச் சாப்பாட்டில் இது இடம்பிடித்தது. அந்தக் கிண்ணம் ஊர் வீடுகளுக்குள் அவ்வளவாக வரவில்லை. இங்கே முட்டையை உடைத்துக் கிளாசில் ஊற்றி, மிளகுத்தூளும் உப்பும் போட்டுக் கலக்கிக் குடிப்பதே பழக்கம்.

நல்ல அரை அவியலுக்கு எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு, சமையல் புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் ஆறு நிமிடம், ஆறரை நிமிடம் என்று விடை சொல்கின்றன. காத்தான்குடியிலோ கொக்கட்டிச்சோலையிலோ அந்தக் கணக்கில் அவித்தால் மஞ்சட்கருவின் பாதி இறுகிவிடும். புத்தகத்தில் பிழை இல்லை. அது குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகை செல்சியசில் இருந்து எடுத்த 57 கிராம் முட்டைக்கு எழுதப்பட்டது. வாவிக்கரைக் குசினியில் முட்டை இருப்பது கடகத்திலோ மேசைமேல் தட்டிலோ, 28 அல்லது 29 பாகையில். ஊர்க்கோழி முட்டையானால் எடையும் 40 முதல் 45 கிராம்தான் வரும். இந்த இரண்டு வேறுபாடுகளும் சேர்ந்து நேரத்தை ஏறக்குறைய பாதியாக்கிவிடுகின்றன.

முட்டைக்குள் நடப்பது

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மிச்சம் பெரும்பாலும் புரதம். அந்தப் புரதங்கள் எல்லாம் ஒரே சூட்டில் இறுகுவதில்லை. ஓவோட்ரான்ஸ்ஃபெரின் என்பது 61 பாகையளவில் இறுகத் தொடங்குகிறது. வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவல்புமின் முழுதாக இறுக 80 பாகை வேண்டும். மஞ்சட்கரு 65 பாகையில் தடித்து 70 பாகையில் அசையாமல் நிற்கும். சிக்கல் முழுவதும் இந்த எண்களுக்குள்தான் இருக்கிறது. வெளியே இருக்கும் வெள்ளைக்கருவுக்குக் கூடிய சூடு வேண்டும், உள்ளே இருக்கும் மஞ்சட்கருவுக்குக் குறைந்த சூடே போதும். சூடோ வெளியிலிருந்து உள்ளே போகிறது. மஞ்சட்கருவின் விளிம்பு 70 பாகையைத் தாண்டுகிற நேரத்தில் முட்டையை எடுத்துவிட்டால் இரண்டும் சரியாக அமையும்.

அந்த நேரத்தைக் கணக்கிட, எக்ஸிட்டர் பல்கலைக்கழக இயற்பியலாளர் சார்ள்ஸ் வில்லியம்ஸ் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். முட்டையின் எடை, அது தொடங்கும் வெப்பநிலை, தண்ணீரின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் கொடுத்தால் மஞ்சட்கருவின் விளிம்பு குறிப்பிட்ட சூட்டை அடைய எத்தனை செக்கன் ஆகும் என்று சொல்லும். எடை இரட்டித்தால் நேரம் இரட்டிக்காது, ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் போகும். 57 கிராம் முட்டைக்கு விளிம்பு 72 பாகையளவை எட்ட வேண்டும் என்று வைத்து அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் ஆறரை நிமிடம் வருகிறது. 29 பாகையில் இருந்த முட்டைக்கு நாலரை நிமிடம். 42 கிராம் ஊர்க்கோழி முட்டைக்கு மூன்றரை நிமிடம். ஊர்க்கிழவிகள் சூத்திரம் பார்க்காமலே இதைத்தான் செய்து வந்தார்கள். "மனே, தண்ணி கொதிச்ச மறுகா போடு, கனநேரம் விடாத, சுறுக்கா எடு" என்பதில் நிமிடக் கணக்கு இல்லாவிட்டாலும் விசயம் இருக்கிறது.

மூன்றாவது காரணி தண்ணீர் கொதிக்கும் சூடு. மட்டக்களப்பு கடல்மட்டத்தோடு ஒட்டிய நிலம், ஆகவே தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே 94 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடுகிறது. குசினியும் குளிர். அதே 57 கிராம் முட்டை அங்கே ஆறரை நிமிடத்துக்கு மேல் கேட்கும். ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு நிமிட வித்தியாசம் வருகிறது. தோட்டப்பகுதியில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வாவிக்கரைக்கு வருகிற ஆசிரியருக்கு முதல் கிழமை முட்டை கல்லாகத்தான் கிடைக்கும்.

ஊருக்குள்ளும் காலத்துக்குக் காலம் சிறு மாற்றம் உண்டு. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் குசினிக்குள் முட்டையின் சூடு 33 பாகைக்கு ஏறும். கார்த்திகை, மார்கழி மழையில் 25க்கு இறங்கும். பண்ணை முட்டைக்கு இந்த இரண்டுக்கும் இடையில் முக்கால் நிமிட வேறுபாடு வருகிறது. கச்சானில் 20 செக்கன் முன்னாலும், வாடைக்காற்றில் 20 செக்கன் பின்னாலும் எடுத்தால் சரி.

முட்டையைத் தெரிவுசெய்தல்

வாவிக்கரைச் சந்தைகளில் மூன்று வகை முட்டை கிடைக்கும்: ஊர்க்கோழி முட்டை, பண்ணையின் வெள்ளை முட்டை, பண்ணையின் சிவப்பு முட்டை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, உள்ளே சத்திலோ ருசியிலோ அதனால் வேறுபாடு இல்லை. மஞ்சட்கருவின் நிறம் தீனியால் வருவது. வளவில் இலையும் புல்லும் பூச்சியும் கொத்தித் திரியும் கோழியின் கரு செம்மஞ்சளாக இருக்கும். அரை அவியலுக்கு ஊர்க்கோழி முட்டையைச் சொல்வதற்கு இன்னொரு நியாயம் உண்டு. அதன் மஞ்சட்கரு, வெள்ளைக்கருவோடு பார்த்தால் பெரிய பங்கு. கிளாசில் ஊற்றினால் பண்ணை முட்டையைவிட மஞ்சளின் பங்கு கூட.

ஊர்க்கோழி முட்டையில் உள்ள ஆபத்து வேறு. கோழி வளவின் மூலையிலோ விறகுக் குவியலுக்குப் பின்னாலோ இட்டு, இரண்டு மூன்று நாள் அடைகிடந்த பிறகு கண்டெடுக்கப்படும் முட்டை சந்தைக்கு வந்துவிடும். அதை முழு அவியலாக அவித்தால் உடைத்தபின்பாவது தெரியும். அரை அவியலாக்கி வாயில் ஊற்றினால் பிறகு யாரும் முட்டையே தொடமாட்டார்கள். ஆகவே இருட்டறையில் கைபேசியின் டோர்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே சீராக ஒளிர்ந்தால் நல்லது. சிவப்பு நரம்போ கறுப்புத் திட்டோ தெரிந்தால் அடைக்கே விட்டுவிடலாம். தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் உண்டு: புதியது படுத்துக் கிடக்கும், பழையது அகன்ற முனை மேலாக நிமிரும், கூழ்முட்டை மிதக்கும். ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக நீராவி வெளியேறிக் காற்றறை பெருப்பதே இதற்குக் காரணம்.

மிகப் புதிய முட்டை உரிக்க வராது. இட்ட அன்று வெள்ளைக்கருவில் கரியமிலவாயு கரைந்திருக்கும், அதன் அமில-காரத்தன்மை 7.6 அளவில் இருக்கும். அந்த வாயு துளைகள் வழியே போகப்போக 9க்கு மேல் ஏறும். அப்போதுதான் வெள்ளைக்கரு உள்தோலை விட்டுக் கழன்று வரும். குளிரூரில் இதற்கு ஒரு கிழமைக்கு மேல் வேண்டும். மட்டக்களப்பு வெயிலில் வெளியே வைத்த முட்டைக்கு இரண்டு மூன்று நாள் போதும். ஆனால் அரை அவியலை உரித்து முழுதாக எடுக்க வேண்டியதே இல்லை, உடைத்து ஊற்றுவதற்கோ தலையைச் சீவிக் கரண்டியால் அள்ளுவதற்கோ புதிய முட்டைதான் சிறந்தது.

2022இன் பொருளாதார நெருக்கடியின்போது தீனி கிடைக்காமல் பல பண்ணைகள் கோழிகளைக் குறைத்தன. முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து, 2023இல் அரசு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. அவை முதலில் பேக்கரிகளுக்கென்றே கொண்டுவரப்பட்டன. கடல் கடந்து நாட்கணக்கில் பயணித்த முட்டை கேக்குக்குச் சரி. அரை அவியலுக்கு வளவில் நிற்கிற கோழியை நம்புவதே மேல்.

அவிக்கும் முறை

ஒரு லீட்டருக்குக் குறையாத தண்ணீரைச் சட்டியில் நன்றாகக் கொதிக்க விட வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் முட்டை விழுந்ததும் சூடு கீழே போய், நேரக் கணக்கெல்லாம் கெட்டுவிடும். நாலு முட்டைக்கு மேல் ஒரு சட்டியில் அவிக்கக்கூடாது. குளிர்ந்த தண்ணீரில் முட்டையை வைத்து அடுப்பில் ஏற்றும் முறையும் உண்டு. காஸ் அடுப்பா, பொச்சுமட்டை நெருப்பா, ஈரவிறகா என்பதைப் பொறுத்துத் தண்ணீர் கொதிக்க ஐந்து நிமிடமும் ஆகலாம், பதினைந்து நிமிடமும் ஆகலாம் என்பதால் அந்த முறையில் நேரம் பார்ப்பதில் அர்த்தமில்லை. கொதித்த தண்ணீரில் போட்டால் எந்த அடுப்பிலும் 100 பாகைதான்.

முட்டையை அகப்பையில் வைத்து மெல்ல இறக்க வேண்டும். மேலிருந்து போட்டால் அடியில் தட்டி வெடிக்கும். இறக்கியதும் அடுப்பைத் தணித்து, தண்ணீர் சின்னதாகக் குமிழியிட்டுக் கொண்டிருக்கும்படி வைத்தால் போதும். பெருங்கொதியும் சிறுகொதியும் ஒரே சூடுதான், பெருங்கொதி விறகைத் தின்று முட்டைகளை ஒன்றோடொன்று மோதவிடும். குளிர்சாதனப் பெட்டி முட்டை வெடிக்கிற அளவுக்கு இங்கத்தைய அறைவெப்ப முட்டை வெடிப்பதில்லை. வெடித்தாலும் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பு இருந்தால் வழியும் வெள்ளைக்கரு அந்த இடத்திலேயே இறுகி அடைத்துக்கொள்ளும். எழுவான்கரையின் மணற்கிணறுகள் சிலவற்றில் தண்ணீரே லேசாக உப்புக்கரிக்கும். அதனால் கொதிநிலை மாறிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, கடல்தண்ணீரே ஒரு பாகைகூட மேலே போகாது.

நேரம், முட்டை தண்ணீருக்குள் போனதிலிருந்து: ஊர்க்கோழி முட்டைக்கு மூன்றரை நிமிடம், பண்ணை முட்டைக்கு நாலரை. இந்தப் பதத்தில் வெள்ளைக்கரு மென்மையாக நிற்கும், மஞ்சட்கரு முழுதும் ஓடும். மஞ்சட்கரு தேன்போல மெதுவாக ஒழுக வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் கூட்டலாம். ஒன்பது பத்து நிமிடத்தில் நடுவரை இறுகிவிடும், பிறகு அது முழு அவியல். அதற்கும் மேலே போனால் மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சைக் கோடு விழும். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் சேர்வதால் வருவது அது. நஞ்சில்லை, பார்க்கத்தான் ஒருமாதிரி.

எடுத்த முட்டையை அந்த நிமிடமே குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஐஸ் வைத்திருப்பவர்கள் வீட்டில் அது சரி. வாவிக்கரையில் கிணற்றுத் தண்ணீரே 28 பாகை. அதில் போட்ட முட்டை ஐஸ் தண்ணீரில் ஆறுவதைவிட மெதுவாகத்தான் ஆறும், ஆறும் நேரத்தில் வெளிச்சூடு உள்ளே இறங்கி மஞ்சட்கரு இன்னும் கொஞ்சம் இறுகும். வழி இரண்டு. ஒன்று, மண்முட்டியில் ஊற்றி வைத்த தண்ணீரைப் பாவிப்பது. முட்டியின் வெளிப்புறத்தில் கசிந்து காயும் ஈரம் உள்ளே உள்ள தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீரைவிடச் சில பாகை குளிர்த்திவிடும், கச்சான் காலத்து வறண்ட காற்றில் இன்னும் கூட. மற்றது, ஆறவே விடாமல் உடனே உடைப்பது. இதுதான் ஊர்ப்பழக்கம், நேரத்தில் பிசகவும் இடமில்லை. அவித்த தண்ணீரிலேயே முட்டையைக் கிடக்கவிட்டு வேறு வேலை பார்ப்பதுதான் அரை அவியல் கெடுவதற்கு முதற்காரணம். மண்சட்டியானால் அடுப்பை அணைத்த பிறகும் அது சூட்டை விடாது.

சோற்றுப்பானையும் இடியப்பத் தட்டும்

முட்டைக்கென்று தனியே அடுப்பு மூட்டுவது பல வீடுகளில் வழக்கமில்லை. சோறு கொதிக்கும் பானைக்குள் முட்டையைப் போட்டு எடுப்பதே எளிய வழி. கொதித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் பானைக்குள் 100 பாகைதான், ஆகவே முறையில் குற்றமில்லை. ஆனால் அரிசிக்குள் புதைந்த முட்டையை மூன்றரை நிமிடத்தில் தேடி எடுப்பது லேசான காரியமில்லை. அரிசி இன்னும் மேலும் கீழும் புரண்டு நுரை தள்ளும் தொடக்கக் கட்டத்தில் போட்டால் அகப்பைக்கு அகப்படும், கஞ்சி தடித்த பிறகு போட்டது முழு அவியலாகத்தான் வெளியே வரும். ஓட்டில் ஒட்டியிருக்கும் அழுக்கைத் தேய்த்துக் கழுவாமல் சோற்றுக்குள் போடக்கூடாது. மச்சம் சமைக்கிற சட்டியைத் தனியே வைத்திருக்கும் வீடுகளில் சோற்றுப்பானைக்குள் முட்டைக்கு இடமில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களிலும் மரக்கறி காக்கும் வீடுகளில் முட்டைப் பேச்சே எழாது.

உண்மையில் அரை அவியலுக்கு மிகச் சிறந்த பாத்திரம் இடியப்பம் அவிக்கும் சட்டி. இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கீழே தண்ணீர் கொதித்து ஆவி பொங்கும்போது தட்டில் முட்டையை அடுக்கி மூடிவிட்டால், ஆவியின் சூடு 100 பாகையாகவே நிற்கும். முட்டை எத்தனை வைத்தாலும் தண்ணீரின் சூடு விழுவதுபோல் விழாது, மோதல் இல்லை, வெடிப்பு இல்லை, ஓடும் நன்றாகக் கழலும். கொதிநீர்க் கணக்கோடு அரை நிமிடம் கூட்டினால் போதும். இடியப்பம் இறக்கிய கையோடு அதே ஆவியில் வீட்டார் எல்லோருக்கும் முட்டை ஆகிவிடும், விறகும் மிச்சம்.

பக்கத்து உறவுகள்

அரை அவியலோடு ஒன்றாகவே பேசப்பட வேண்டியது முட்டைக்கோப்பி. முட்டையை உடைத்துச் சீனி போட்டு, நுரை வருமட்டும் அடித்து, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கக் கோப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஆற்றிக் கொடுப்பார்கள். அடிக்கும்போதே கோப்பியை மொத்தமாகக் கவிழ்த்தால் முட்டை திரைந்து துணுக்குத் துணுக்காகிவிடும். கோப்பியின் சூடு முட்டையோடும் சீனியோடும் கலந்ததும் இறங்கிவிடுவதால் இதுவும் அரை வேக்காடுதான், அரை அவியலைவிடவும் குறைந்த வேக்காடு. பெரியவர்களுக்கானால் ஒரு மூடி பிரண்டியும் சேரும்.

பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுக்கும் வழக்கம் இலங்கைத் தமிழரிடையே பரவலானது. இடுப்புக்குப் பலம் என்பது நம்பிக்கை. சத்துக் கணக்குப் பார்த்தால் பச்சை முட்டை நட்டமான வியாபாரம். 1998இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அவித்த முட்டைப் புரதத்தில் 91 வீதம் குடலில் சமிபாடடைந்தது, பச்சை முட்டையில் 51 வீதம்தான். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற விற்றமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் உடையது, அவித்தால் அது போய்விடும். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கும் அந்த முட்டையை மூன்றரை நிமிடம் அவித்துக் கொடுத்தால் பலமும் கூடும், கண்ணீரும் குறையும்.

மாலையில் தெருவோரக் கடைகளில் வார்க்கும் முட்டை அப்பமும் இதே குடும்பம். தாச்சியில் மாவைச் சுழற்றி நடுவில் முட்டையை உடைத்து மூடினால், அடியிலிருந்து மாவும் மேலிருந்து ஆவியும் முட்டையை அவிக்கும். மஞ்சட்கரு ஆடும் பதத்தில் எடுக்கச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மலேசியா, சிங்கப்பூர் கோப்பிக் கடைகளில் இரண்டு அரை அவியல் முட்டையைச் சிறு தட்டில் உடைத்து ஊற்றி, சோயா சோசும் வெள்ளை மிளகுத்தூளும் தூவித் தேங்காய்ப்பால் ஜாம் பூசிய டோஸ்டோடு சாப்பிடுவார்கள். அங்கே கொதிக்கும் அடுப்பே வேண்டாம். மூடியுள்ள பாத்திரத்தில் முட்டையை வைத்து, கொதிநீரை ஊற்றி மூடி ஏழெட்டு நிமிடம் மேசையில் வைத்துவிடுகிறார்கள். அங்கத்தைய சூழலும் மட்டக்களப்பைப் போல 30 பாகையை ஒட்டியதால் இந்த முறை இங்கேயும் அப்படியே ஒத்துவரும். கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைக்கும் விடுதி மாணவர்களுக்குச் சொல்லிவைக்கத் தக்கது.

ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகளில் 65 முதல் 70 பாகைத் தண்ணீரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் முட்டையை வைத்து, மஞ்சட்கரு பசைபோலவும் வெள்ளைக்கரு அதைவிட இளகியும் இருக்க எடுப்பார்கள். இலங்கையின் கிழக்கிலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. ஆனால் திருகோணமலையின் கன்னியாவில் சூடு 40 பாகையை ஒட்டியே இருக்கிறது. செங்கலடியிலிருந்து பதுளை போகும் வழியில் உள்ள மகா ஓயாவில் சுமார் 55 பாகை. வெள்ளைக்கரு இறுகத் தொடங்க 61 வேண்டும். மகா ஓயாவில் நாள் முழுக்கக் கிடந்தாலும் முட்டை பச்சையாகத்தான் இருக்கும்.

2025 பெப்ரவரியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள், வெள்ளைக்கருவுக்கும் மஞ்சட்கருவுக்கும் தனித்தனியே தக்க சூடு கொடுக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். 100 பாகைத் தண்ணீரில் இரண்டு நிமிடம், 30 பாகைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் என மாறி மாறி 32 நிமிடம். வெளிப்புறம் சூட்டிலும் ஆறுதலிலும் ஏறி இறங்க, நடுப்பகுதி 67 பாகையளவில் நிலைத்து நிற்கும். அவர்கள் அளந்து தயாரித்த அந்த 30 பாகைத் தண்ணீர் மட்டக்களப்பில் வாளியோடு கிணற்றடியில் கிடைக்கிறது. ஆனாலும் ஒரு முட்டைக்காக 32 நிமிடம் அடுப்பெரித்து, எட்டுத் தரம் இந்தச் சட்டிக்கும் அந்தச் சட்டிக்கும் நடப்பதற்கு ஆய்வுக்கூடச் சம்பளம் வேண்டும்.

யாருக்குக் கொடுக்கக்கூடாது

அரை அவியலில் உண்மையான ஆபத்து சல்மனெல்லா. இந்தப் பற்றீரியா ஓட்டின் வெளியே எச்சத்திலும் இருக்கலாம், நோயுற்ற கோழியின் சூல்பையிலிருந்து முட்டைக்குள்ளேயும் வந்திருக்கலாம். உள்ளே இருப்பதைக் கழுவிப் போக்க முடியாது. மஞ்சட்கரு நடுவரை 70 பாகையைத் தாண்டினால்தான் நம்பிக்கை, அரை அவியல் என்ற பேரே அந்தச் சூட்டை எட்டாததற்குத்தான். பிரித்தானியாவில் கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் இளகிய முட்டை உண்ணலாம் என்று உணவுத் தர நிறுவனம் 2017இல் அறிவித்தது. கோழிகளுக்குத் தடுப்பூசி ஏற்றி, ஒவ்வொரு முட்டையிலும் முத்திரை குத்தும் ஒரு திட்டத்துக்குள் வரும் முட்டைகளுக்கு மட்டுமே அந்த அனுமதி. வளவில் கண்டெடுத்த ஊர்க்கோழி முட்டைக்கு முத்திரை இல்லை.

இதில் சங்கடம் என்னவென்றால், பால்குடி மறந்த பிள்ளை, பிள்ளைப்பெற்ற தாய், நோயில் கிடந்து எழும்பியவர், வயதுபோனவர் ஆகியோரைத்தான் ஊர் அரை அவியலுக்குத் தெரிவுசெய்கிறது. சல்மனெல்லா கடுமையாகத் தாக்குவதும் அவர்களைத்தான். அவர்களுக்கு ஊர்க்கோழி முட்டையை ஒன்பது நிமிடமும் பண்ணை முட்டையைப் பத்து நிமிடமும் அவித்து, மஞ்சட்கருவை உப்பும் ஒரு துளி நெய்யும் சேர்த்து மசித்துக் கொடுப்பதே புத்தி. சத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது. திடகாத்திரமான ஆட்கள், அன்றோ முந்தின நாளோ இட்ட, வெடிப்பில்லாத முட்டையாகப் பார்த்து அரை அவியலாக்கி உடனே சாப்பிடலாம். உடைத்து வைத்த அரை அவியலை மத்தியானத்துக்கு வைத்திருப்பது கூடவே கூடாது, இந்த வெயிலில் ஓரிரு மணித்தியாலத்துக்குள் கிருமி பெருகிவிடும்.

மற்ற முட்டைகள்

வாவிக்கரை வயல்களிலும் தோணாக்களிலும் மேயும் தாராவின் முட்டை 70 கிராம் அளவில் வரும், ஓடும் தடிப்பு. கணக்குப்படி ஐந்து நிமிடம் கடந்தால் அரை அவியல் பதம் வந்துவிடும். ஆனால் சேற்றிலும் தேங்கிய நீரிலும் கிடந்து எடுக்கப்படுவதால் தாரா முட்டையை முழு அவியலாகவே உண்பது நல்லது. 10 கிராம் காடை முட்டைக்கு ஒன்றரை நிமிடம், ஒரு நிமிடம் பிந்தினாலும் கல்.

கடலாமை முட்டையை எவ்வளவு நேரம் அவித்தாலும் அதன் வெள்ளைக்கரு கோழிமுட்டையைப் போல இறுகாது, மஞ்சட்கரு மட்டுமே கட்டியாகும். கிழக்குக் கரையோரத்தில் ஒரு காலத்தில் அதைத் தோண்டி எடுத்து உண்டவர்கள் இருந்தார்கள். இலங்கையின் கரைக்கு வரும் ஐந்து வகைக் கடலாமைகளும் வனசீவராசிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் முட்டையை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.